அளவுச் சாப்பாட்டுக்கு வந்த விளம்பரம்

கவியாவின் வெப்சைட்டுக்கு 'அளவுச் சாப்பாடு' என்று பெயர். ஓட்டல் பலகையிலிருந்து எடுத்த பெயர்தான், ஆனால் ஓட்டலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சிறுநீரகம் கெட்டுப்போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் எதைச் சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம், காய்கறியை எப்படி வேகவைத்து நீரை வடித்துவிட்டுச் சமைக்க வேண்டும், இதையெல்லாம் வீட்டில் சமைக்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி அவள் எழுதி வைத்திருந்தாள்.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் அவள் ஏழு வருஷமாக டெக்னீஷியன். ஊசி குத்தி, குழாயை மாட்டி, மெஷினை ஓடவிட்டால் ஒரு நோயாளி நான்கு மணி நேரம் படுத்திருப்பார். அந்த நான்கு மணி நேரமும் பேச்சு சாப்பாட்டைச் சுற்றியேதான் வரும். தக்காளி சேர்க்கலாமா? முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி போட்டால் என்ன? ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர்? ஒரே பதிலைத் தினம் பத்துப் பேருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துத்தான் எழுத ஆரம்பித்தாள். எழுதியதைப் பிரிவின் டாக்டரிடம் காட்டித் திருத்திக்கொண்ட பிறகுதான் போடுவாள்.

முதல் வாசகர்கள் சகாதேவனும் அவர் மனைவி சரோஜாவும். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் மணிலா என்கிற வேர்க்கடலை போடுகிறவர் சகாதேவன். திங்களும் வியாழனும் வந்து மூன்றாம் நம்பர் கட்டிலில் படுப்பார். கவியா எழுதுகிற ஒவ்வொரு சமையலையும் முதலில் சரோஜாதான் செய்து பார்ப்பாள்.

"நீ சொன்னாப்புல சுரைக்காயைக் கொதிக்கவெச்சு வடிச்சுட்டுச் செஞ்சம்மா. இவரு தட்டையே பாக்கமாட்டேங்கறாரு," என்பாள்.

"அது சுரைக்காயாடி? சுரைக்காயோட ஆவி," என்பார் சகாதேவன் படுத்தபடியே. "ஒரு சொம்புத் தண்ணி குடு பாப்பா, ஆவியையும் தின்னுட்டுப் போறேன்."

மூன்று வருஷத்தில் அந்த வெப்சைட் ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. திருநெல்வேலியிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கேள்வி கேட்டு எழுதினார்கள். கூடவே தொல்லையும் வந்தது. அடிக்கடி பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே நின்றது. வெப்சைட்டுக்கு இடம் கொடுத்த கம்பெனிக்காரர்கள், இத்தனை பேர் வந்தால் பெரிய சர்வருக்கு மாற வேண்டும், அதற்கு வருஷக் கட்டணம் அதிகம் என்று எழுதினார்கள். அவள் சம்பளத்தில் அதற்கு இடமில்லை.

அப்போதுதான் அருள்ராஜைப் பார்க்கப் போனாள். பிளஸ் டூவில் உடன் படித்தவன். செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு காபிக் கடையின் மாடியில் உட்கார்ந்து கெஸ்ட் ஹவுஸ்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தான்.

"விளம்பரம் போட்டுடு," என்றான். "நீ கம்பெனி கம்பெனியாப் போய்க் கேக்க வேணாம். நடுவுல நெட்வொர்க்குனு இருக்காங்க. உன் பக்கத்துல எடம் குடுத்தா போதும், அவங்களே விளம்பரத்தைக் கொண்டாந்து போட்டுடுவாங்க. படிக்கறவங்க அதைத் தொட்டா உனக்குக் காசு."

"ஒரு எடத்துல கேட்டுப் பாத்துட்டேன், அருள். பெரிய நெட்வொர்க்தான். பத்தொம்போது நாள் உக்கார வெச்சிட்டு, இல்லைன்னுட்டான்."

"இன்னா காரணம் சொன்னான்?"

"எழுதறது யாருன்னு ஒரு பக்கம் இருக்கணுமாம். படிக்கறவங்க விவரத்தை என்ன பண்ணுவேன்னு ஒரு பக்கம் எழுதணுமாம். மருத்துவ விஷயத்தை யாரு சரிபாத்தாங்கன்னு ஒவ்வொரு பக்கத்துலயும் போடணுமாம். எல்லாம் பண்ணிட்டு மறுபடி அப்ளை பண்ணுன்னு சொல்றான். ஏழு வருஷமா ஊசி குத்தறேன், என்னை யாருன்னு கேக்கறான்."

அருள்ராஜ் சிரித்தான். "இன்னொண்ணு இருக்கு. பத்து நிமிஷத்துல ஓகே ஆயிடும். சினிமாச் செய்தி போடறவங்கள்ளாம் அதுலதான் இருக்காங்க. காசும் ஜாஸ்தி. ஆனா எந்த விளம்பரம் வரும்னு நம்ம கையில இல்ல."

"என்ன வரப்போவுது? புடவை, செருப்பு, மொபைல் போனு."

"சொல்ல முடியாது கவியா. என் கெஸ்ட் ஹவுஸ் சைட்டு எதுலயும் நான் இதைப் போடல."

"ஏன்?"

"ரூம் போட்டோவுக்குக் கீழயே எதிர் லாட்ஜ் விளம்பரம் வந்து நிக்கும். ஓனருங்க என்னைத் துரத்தி அடிப்பாங்க."

கவியாவுக்கும் சிரிப்பு வந்தது. தன் பக்கத்துக்கு எதிர் லாட்ஜ் ஏது என்று நினைத்தாள்.

பத்து நிமிஷம் என்றது உண்மையாகவே பத்து நிமிஷம்தான் ஆனது. படிவத்தின் கடைசியில் எந்தெந்த வகை விளம்பரங்களை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று ஒரு வரிசை இருந்தது. எல்லாவற்றிலும் முன்கூட்டியே டிக் போட்டிருந்தது. 'மருத்துவம், ஆரோக்கியம்' என்ற வரியில் மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு காசு என்று போட்டிருந்தது. அருள்ராஜ் அந்த வரியில் அம்புக்குறியை நிறுத்தினான்.

"இதை எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும். படிக்கறவங்க பூரா பேஷண்டுங்கதானே. லேபு, ஆஸ்பத்திரி, பி.பி. பாக்கற மெஷினு, இப்படி ஏதாவது வந்தா அவங்களுக்குத்தான் உபயோகம்."

அவன் எடுக்கவில்லை. கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. சொந்தப் பக்கத்து விளம்பரத்தை நாமே தொட்டால் கணக்கை மூடிவிடுவார்கள், தெரியாமல் விரல் பட்டாலும் ஆபத்து என்று சொல்லி, அவள் உள்ளே நுழைந்து பார்க்கும்போது விளம்பரங்களே தெரியாதபடி அமைத்துக் கொடுத்தான்.

"உனக்கு மட்டும் தெரியாது. மத்தவங்க எல்லாருக்கும் தெரியும்," என்றான்.

எப்படி வருகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு அவனுடைய போனில் தன் வெப்சைட்டைத் திறக்கச் சொன்னாள். வெள்ளைப் பூசணிக் கூட்டு செய்முறையின் கீழே மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை வந்தது. நன்றாகத்தான் இருந்தது. கீழே போய் ஆளுக்கொரு காபி குடித்தார்கள்.

இது நடந்து இரண்டு மாதத்தில் பெரிய சர்வருக்கு மாறிவிட்டாள். பக்கங்கள் சட்சட்டென்று திறந்தன. மூன்றாம் மாதம் வருமானம் திடீரென்று எகிறியது. எழுத்து நன்றாக வருகிறது, ஆட்கள் கூடுகிறார்கள் என்று அவளே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். பிரிவில் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தாள். சகாதேவன் தன் பங்குக்குக் கையை நீட்டினார். பாதியைப் பிய்த்து வைத்தாள்.

அதற்கு அடுத்த வியாழக்கிழமை சகாதேவன் வரவில்லை.

ஒரு தடவை தவறுவது புதிதில்லை. மணிலா பிடுங்குகிற நாளில் ஆள் கிடைக்காமல் ஒருமுறை தவறியிருக்கிறார். வெள்ளிக்கிழமை வருவார் என்று இடம் வைத்திருந்தார்கள். வரவில்லை. திங்கட்கிழமையும் மூன்றாம் நம்பர் கட்டில் காலியாகக் கிடந்தது. கவியா நான்கு முறை போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றுபோனது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு சரோஜா போனை எடுத்தாள்.

"ஏம்மா, ஐயா ஏன் வரலை? எட்டு நாளாச்சு."

"நல்லா இருக்காரும்மா. நானே உனக்குச் சொல்லணும்னு இருந்தேன். கோயிலுக்கு வேண்டிக்கினு இருக்கோம், இருபத்தியொரு நாளு முடியட்டும், நேரா வந்து சொல்லலாம்னுட்டு."

"இருபத்தியொரு நாளா? என்னது?"

"அந்தப் பொடிதாம்மா."

கவியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தப் பொடி?"

"என்னம்மா இப்படிக் கேக்கற? நீ எழுதியிருந்தியே, அதுதான். மெஷின்ல படுக்கப் படுக்க இருக்கற கிட்னியும் செத்துப்போவும், பொடி ஆரம்பிச்ச அன்னிக்கே மெஷினை நிறுத்திடணும்னு. நிறுத்திட்டோம். மூணு வேளையும் இளநீர்ல கலந்து குடிக்கறாரு. முன்ன ஆவாதுன்னியே, பொடியோட சேந்தா ஒண்ணும் பண்ணாதாம்."

மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவில் நின்றிருந்த கவியாவின் காதில் 'இளநீர்' என்ற ஒரு சொல் மட்டும் தனியாக விழுந்தது. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு இளநீர் ஆகாது, அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும் என்று அவள் தன் வெப்சைட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருந்தாள். சரோஜா அதை வாய்விட்டுப் படித்துக் காட்டியதும் அவளுக்கு நினைவிருந்தது.

"அம்மா, ஐயா இப்போ எப்படி இருக்காரு? உண்மையைச் சொல்லுங்க."

"கொஞ்சம் மூச்சு வாங்குது. படுத்தா ஜாஸ்தியாவுது, அதனால உக்காந்துகினே இருக்காரு. காலு வீங்கிக் கீது. மொதல்ல அப்படித்தான் இருக்கும், உள்ள இருக்கறது வெளிய வருதுன்னு போன்ல சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க?"

"பொடி அனுப்பினவங்கதான். கவியா சொன்ன மருந்துதானேன்னு கேட்டுத்தாம்மா வாங்கினேன். ஆமாங்கம்மா, அதேதான்னு சொன்னாங்க."

"அம்மா, நான் எழுதலை. சத்தியமா நான் எழுதலை. இனிமே ஒரு வாய் இளநீரு குடுக்காதீங்க. நூத்தியெட்டுக்கு நான் போன் பண்றேன். ஐயாவை இப்பவே கூட்டிக்கினு வாங்க."

சரோஜா மெல்லக் கேட்டாள்: "அப்போ அது யாரு?"

கவியா போனை வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

சகாதேவனைக் கொண்டுவந்து சேர்த்தபோது பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. முகம் உப்பி, கண்கள் இடுங்கி, அவரை அவராக அடையாளம் தெரியவில்லை. மூச்சு ஒவ்வொன்றும் கொப்பளிக்கிற சத்தத்தோடு வந்தது. ஈ.சி.ஜி. தாளை எடுத்துப் பார்த்ததும் டாக்டர் ஊசி மருந்தைக் கையில் வாங்கினார். பொட்டாசியம் ஏழு புள்ளி நான்கு என்று லேபிலிருந்து வந்தது. ஆறைத் தாண்டினாலே அந்தப் பிரிவில் எல்லோரும் ஓடுவார்கள்.

ஊசி குத்த வேண்டியவள் கவியாதான். ஏழு வருஷத்தில் இல்லாதபடி அவள் கை பிசகியது. பிரிவின் பொறுப்பு நர்ஸ் ரேணுகாம்பாள் பக்கத்தில் வந்து அவள் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டுத் தானே குத்தினார்.

"போய் வெளிய உக்காரு," என்றார். "நானும் டாக்டரும் பாத்துக்கறோம்."

வெளியே நீல நிற நாற்காலியில் சரோஜா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் பாதி தீர்ந்த டப்பா. டப்பாவின் மேல் இலையும் மலையும் வரைந்திருந்தது. யார் செய்தது, எங்கே செய்தது என்று ஒரு வரி கிடையாது. ஒரு போன் நம்பர் மட்டும் இருந்தது.

"காட்டுங்கம்மா. நீங்க எதைப் பாத்தீங்களோ அதைக் காட்டுங்க," என்றாள் கவியா.

சரோஜா தன் போனை எடுத்தாள். ஓரத்தில் கீறல் விழுந்த பழைய போன். 'அளவுச் சாப்பாடு' திறந்தது. கவியாவே எழுதிய சுரைக்காய்ப் பக்கம். அவளே எடுத்த போட்டோ. விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனாள் சரோஜா. செய்முறை முடிந்தது. கவியா தினமும் தன் போனில் பார்க்கும்போது அந்த இடத்தில் வெறும் வெள்ளைதான் இருக்கும்.

இப்போது அங்கே ஒரு கட்டுரை இருந்தது.

விளம்பரம் மாதிரி மினுக்கவில்லை. பெட்டி கட்டியிருக்கவில்லை. அவள் வெப்சைட்டின் அதே எழுத்து, அதே அளவு, தலைப்புக்கு அவள் தேர்ந்தெடுத்திருந்த அதே கரும்பச்சை. 'திருவண்ணாமலையில் டயாலிசிஸை நிறுத்தியவர்கள்: 21 நாளில் நடந்தது என்ன?' என்று தலைப்பு. பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் இளம்பெண்ணின் படம். கவியாவைவிட நிறம் கூடுதல், ஆனால் அதே வயது, அதேபோல இழுத்துக் கட்டிய கூந்தல். மூலையில் எறும்பு அளவுக்கு 'விளம்பரம்' என்று இருந்தது. கண்ணாடி போட்டவர்களுக்கே அது தெரியாது.

கவியா அதைத் தொட்டாள். வேறொரு பக்கம் திறந்தது. அங்கேயும் அதே பச்சை. மெஷின் ரத்தத்தை உறிஞ்சி உடம்பைக் கெடுக்கிறது, ஆஸ்பத்திரிகள் இதை மறைக்கின்றன, இளநீரில் கலந்து குடியுங்கள் என்று சுத்தமான தமிழில் எழுதியிருந்தது. அடியில் பத்துப் பதினைந்து பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரிப் பேசினார்கள்.

தன் வீட்டுக்குள் தினமும் போய் வந்துகொண்டிருந்தபோது, தனக்கு மட்டும் தெரியாமல் கூடத்தின் நடுவில் ஒருவன் நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறான். வந்தவர்கள் எல்லோரும் அவன் பேச்சை அவள் பேச்சு என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"நீ இல்லியா இது?" என்றாள் சரோஜா.

"இல்லம்மா."

"உன் பக்கத்துல உன்னைக் கேக்காம எப்படி வந்து எழுதுவாங்க?"

மழுப்பலாம். கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று சொன்னால் சரோஜா நம்பியிருப்பாள். கவியா அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"என்னைக் கேட்டாங்கம்மா. மருத்துவ விளம்பரம் போடலாமான்னு கேட்டாங்க. போடுங்கன்னு நான்தான் விட்டேன். காசு ஜாஸ்தியா வரும்னுதான் விட்டேன். அப்புறம் என்ன வருதுன்னு நான் பாக்கவே இல்ல."

சரோஜா போனைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணின் படத்தையே பார்த்தபடி இருந்தாள். பிறகு மஞ்சள் பையோடு எழுந்துபோய் வராந்தாவின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கவியா படிக்கட்டுக்கு வந்து அருள்ராஜுக்குப் போன் செய்தாள்.

"எல்லா விளம்பரத்தையும் எடு. இப்பவே."

"என்னாச்சு?"

"எடுடா மொதல்ல!"

அவள் அப்படிக் கத்தி அவன் கேட்டதில்லை. ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிட்டுத் திரும்ப அழைத்தான். அவள் நடந்ததைச் சொன்னாள். எத்தனை பேர் அதைத் தொட்டிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னாள்.

"கணக்குல போய்ப் பாக்கறேன், இரு." விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. "கவியா."

"சொல்லு."

"போன மாசம் திடீர்னு ஏறுச்சுன்னு சொன்னியே. அது பூரா இந்த ஒரு விளம்பரத்தாலதான். புடவை, செருப்பை எல்லாம் யாரும் தொடவே இல்ல."

"எத்தனை பேரு?"

"ஆயிரத்து அறுநூத்தி சொச்சம்."

ஜாங்கிரி ஞாபகத்துக்கு வந்தது. ஆயிரத்து அறுநூறு பேர் எந்த ஊர், எந்த வீடு, எத்தனை பேர் டப்பா வாங்கினார்கள், எத்தனை பேர் மெஷினை நிறுத்தினார்கள் என்பதைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்று கேட்டாள். இல்லை என்றான். நெட்வொர்க்குக்கு எழுதிக் கேட்கலாம் என்றான். எழுதினார்கள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரே நிமிஷத்தில் பதில் வந்தது. எந்த மனிதரும் எழுதாத பதில். அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

மாலை நான்கு மணிக்கு ரேணுகாம்பாள் வெளியே வந்தார். "மூச்சு சரியாவுது. பொட்டாசியம் எறங்கிடுச்சு. நாளைக்கும் ஒருதடவை போடணும்," என்று சரோஜாவிடம் சொல்லிவிட்டு, கவியாவைத் தனியே கூப்பிட்டார். விஷயத்தைக் கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நம்ம பேஷண்டுங்கள்ல வேற யாராவது?"

அந்தக் கேள்வி கவியாவுக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை. இருவரும் பதிவேட்டை எடுத்து, இரண்டு மாதத்தில் வராமல் நின்றவர்கள், ஒரு முறையாவது தவறியவர்களின் பெயரைத் தேடினார்கள். சகாதேவனைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் வேலூருக்கு மாறிப்போயிருந்தார்கள். மூன்றாமவரான அப்பாதுரை, செங்கத்துக்காரர், ஒரு முறை மட்டும் தவறியவர், டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வாரம் தொடங்குவதற்கு நல்ல நாள் பார்த்திருந்தார்.

"நீங்க சொன்னதுதானேன்னு பாத்தேன் மேடம்," என்றார் போனில்.

அன்று சாயங்காலமே தன் வெப்சைட்டின் எல்லாப் பக்கத்தின் தலையிலும் கவியா ஒரு குறிப்புப் போட்டாள். 'இங்கே வந்த பொடி விளம்பரம் பொய். அதை வரவிட்டது என் தவறு. டயாலிசிஸை நிறுத்தியிருந்தால் இன்றே உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்னைக் கூப்பிடுங்கள்.' கீழே தன் சொந்த நம்பரைக் கொடுத்தாள். நம்பர் வேண்டாம், வம்பு வரும் என்று அருள்ராஜ் தடுத்தான். அவள் கேட்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காகத் தன் குரலில் பேசிப் பதிவு செய்தும் போட்டாள். நான்காவது தடவைதான் குரல் உடையாமல் வந்தது.

பத்து நாளில் முப்பத்திரண்டு பேர் கூப்பிட்டார்கள். பெரும்பாலும் டப்பாவை வாங்கியதோடு நின்றவர்கள். ஒன்பது பேர் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். அந்த ஒன்பது பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அவள் விடாமல் பேசினாள். சிலர் திட்டினார்கள். கும்பகோணத்துக்காரர் ஒருவர், உனக்கு எத்தனை பர்சன்ட் கமிஷன் என்று கேட்டார். விளம்பரத்தில் வந்த காசை அப்படியே சொன்னாள். அவர் போனை வைத்துவிட்டார்.

பதினோராம் நாள் ஒரு மெசேஜ் வந்தது. தர்மபுரியிலிருந்து மாறன் என்று ஒருவர். 'அம்மா இறந்து பதினெட்டு நாள் ஆகிறது. அந்தப் பொடியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மெஷினையும் நிறுத்தியிருந்தோம். உங்கள் குறிப்பை இன்றுதான் பார்த்தேன். தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது.'

கவியா அப்போது வேலையில் இருந்தாள். இரண்டாம் நம்பர் மெஷின் பீப் பீப் என்று அடித்துக்கொண்டேயிருந்தது. யாரோ வந்து அதை நிறுத்தினார்கள். அவள் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நம்பரை அழைத்தாள்.

"நான் கவியா பேசறேன்."

மாறன் சொன்னார்: "கூப்பிடுவீங்கன்னு நினைக்கல."

"என்ன சொல்றதுன்னு தெரியலைங்க."

"அம்மாவுக்கு உங்க சமையல் ரொம்பப் பிடிக்கும். என் பொண்ணை விட்டுத் தெனம் படிக்கச் சொல்லிக் கேப்பாங்க. கடைசி வரைக்கும் அது நீங்க குடுத்த மருந்துன்னுதான் நெனச்சாங்க." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. "நல்ல நம்பிக்கையாத்தான் குடிச்சாங்க."

மேலும் ஏதோ பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன், நீங்களும் சேர்ந்து கொடுப்பீர்களா என்று கேட்டதும், அவர் சரி என்றதும் மட்டும் நினைவிருந்தது.

சைபர் போலீஸிலும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலும் டப்பாவோடு போய்ப் புகார் கொடுத்தார்கள். டப்பாவில் இருந்த நம்பர் அதற்குள் செத்துப்போயிருந்தது. ஒரு மாதம் கழித்து வேறொரு செய்தி வெப்சைட்டில் அதே பொடியை வேறு பெயரில் அருள்ராஜ் பார்த்தான். அதையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். விசாரணை நடக்கிறது என்றார்கள்.

அந்த மூன்று மாதம் வந்த காசு முழுவதையும், சர்வருக்குச் செலவானதைக் கைப்பணத்தால் ஈடுகட்டி, அவள் எடுத்து, பிரிவில் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கென்று ரேணுகாம்பாளிடம் கொடுத்தாள். தனக்கு அதனால் எந்த ஆறுதலும் வரவில்லை என்பதையும் அவரிடமே சொன்னாள்.

வெப்சைட்டை மூடிவிடலாம் என்றுதான் இருந்தாள். மூடினால் அந்தக் குறிப்பும் சேர்ந்து போய்விடும், இன்னும் எவ்வளவோ பேர் அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆகவே, முன்பு தன்னை யார் என்று கேட்ட அந்தப் பெரிய நெட்வொர்க் கேட்டிருந்த பக்கங்களை ஒவ்வொன்றாக எழுத உட்கார்ந்தாள். நான் யார், எங்கே வேலை செய்கிறேன், இதைச் சரிபார்த்த டாக்டர் யார் என்று எழுதும்போது, இதை எழுத அன்றைக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை. இருபத்தாறு நாள் கழித்து அனுமதி வந்தது. மருத்துவம், ஆரோக்கியம், மூலிகை, உடல் எடை எல்லாவற்றையும் தடுத்தாள். கட்டுரை மாதிரி வேஷம் போட்டு வருகிற விளம்பரங்களையும் தடுத்தாள். மிச்சமிருந்ததில் வருமானம் சர்வருக்கே போதவில்லை. குறைந்ததைக் கையிலிருந்து போட்டாள். தினமும் வேலைக்குப் போனதும் யாராவது ஒரு நோயாளியின் போனை வாங்கித் தன் பக்கத்தை அடிவரைக்கும் பார்த்துவிட்டுத்தான் மெஷினைத் தொட்டாள்.

சகாதேவன் மூன்றாம் நம்பர் கட்டிலுக்குத் திரும்ப வந்துவிட்டார். முன்னைவிட இளைத்திருந்தார். நாலைந்து வாரம் அவளிடம் பேசவே இல்லை. கையை நீட்டுவார், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு வியாழக்கிழமை அவள் ஊசியைக் குத்தி பிளாஸ்திரி ஒட்டும்போது, "ருசியா ஒரு கொழம்பு எழுதேன் பாப்பா. தின்னு நாளாச்சு," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

சரோஜா இப்போதும் அவள் எழுதுவதைப் பார்த்துத்தான் சமைக்கிறாள். ஆனால் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் போன் செய்கிறாள்.

"கத்திரிக்காய் போட்டிருக்கியே, அது நீ எழுதுனதாம்மா?"

"நான்தாம்மா எழுதினேன்."

"முழுசும்?"

"முழுசும் நான்தாம்மா."

"சரி," என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள்.